சாரல் மாதத்துக்குத் தாங்குமா? செங்கோட்டைப் பக்கத்து ஒரு கிலோவாட் ஆஃப்-கிரிட் சோலார் செட், ஒரு மதிப்பீடு

தென்காசி, செங்கோட்டைக் கடைகளிலும், கணவாய் தாண்டிப் புனலூரிலும் “ஒரு கிலோவாட் ஆஃப்-கிரிட் செட்” (மின்வாரிய இணைப்பு இல்லாமல் தனியே ஓடுவது) என்று கேட்டால் பெரும்பாலும் காட்டப்படுவது இதுதான்: 540 வாட் மோனோ பேனல் இரண்டு, 24 வோல்ட் 2 கேவிஏ சோலார் இன்வெர்ட்டர் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய-ஆசிட் பேட்டரி இரண்டு, ஒரு ஸ்டாண்டு, கொஞ்சம் டிசி ஒயர். கம்பெனிப் பெயர் மாறும், உள்ளே இருக்கும் அளவுகள் அதிகம் மாறாது. அதனால் எந்தப் பெயரையும் சொல்லாமல் அந்த அளவுகளையே இங்கே எடை போடுகிறோம். மின்கம்பமே வராத தோப்பு வீட்டில், புளியரை, மேக்கரை, பண்பொழி போன்ற மலையடிவாரத்தில், இந்த ஒரு செட்டை மட்டும் நம்பிக் குடியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜனவரி முதல் மே வரை இது போதும். ஜூனில் சாரல் பிடித்த பிறகு போதாது. சாமான் தரம் குறைந்ததால் வரும் குறை இல்லை இது. செட்டின் அளவைத் தீர்மானித்தவர் ஏப்ரல் மாத வெயிலை மனதில் வைத்திருக்கிறார். ஆரியங்காவுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர்களுக்கு ஜூலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமும் வந்துவிடுவதால், மலையை ஒட்டிய வீடுகளில் ஆண்டில் பாதிக்கு மேல் வெயிலை நம்ப முடியாது. இதே செட்டைக் கிழக்கே சுரண்டைப் பக்கம் வைத்தால் கதையே வேறு. மேகம் மலையைத் தாண்டியதும் கலைந்துவிடுவதால் அங்கே வெயில் தாராளம்.

முதலில் செலவுக் கணக்கு

கடையில் “நாலு ஃபேன், எட்டு லைட், டிவி, மிக்ஸி எல்லாம் ஓடும்” என்பார்கள். ஓடும் என்பது உண்மை. எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் விஷயம். கேவிஏ என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு பளுவை இழுக்கலாம் என்று மட்டும் சொல்லும். ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிக்குமா என்பதைச் சொல்வது பேட்டரியின் யூனிட் கணக்கு.

சிறிய குடும்பம் ஒன்றின் ஒரு நாள் செலவு ஏறக்குறைய இப்படி வரும். 9 வாட் எல்இடி ஐந்து, ஐந்து மணி நேரம்: 225 வாட்-மணி. குறைந்த மின்சாரத்தில் சுற்றும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 600. 32 அங்குல டிவி நான்கு மணி நேரம்: 200. வைஃபை ரூட்டர் நாள் முழுக்க: 240. மிக்ஸி பத்து நிமிடம்: 100. போன் சார்ஜ்: 30. கூட்டினால் 1.4 யூனிட் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). பழைய 75 வாட் மின்விசிறியையே வைத்துக்கொண்டால் மின்விசிறிக்கு மட்டும் 1.5 யூனிட் போய்விடும். அதனால் செட் வாங்கும் முன்னால் செய்ய வேண்டிய முதல் செலவு மின்விசிறியை மாற்றுவது.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. அது இன்வெர்ட்டரே குடிக்கும் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான இன்வெர்ட்டர், ஒரு விளக்குகூட எரியாதபோதும் 25 முதல் 40 வாட் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். 30 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 720 வாட்-மணி. வீட்டுச் செலவில் பாதி அளவுக்கு இது சும்மா போகிறது. விவரத்தாளில் “நோ-லோடு” என்ற வரியைத் தேடுங்கள். வாட்டில் எழுதியிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆம்பியரில் எழுதியிருந்தால் 24ஆல் பெருக்குங்கள். அந்த வரியே இல்லாத மாடலை, ஆஃப்-கிரிட் வீட்டுக்கு வாங்காமல் இருப்பது நல்லது. கரண்ட் இருக்கும் வீட்டில் இந்த இழப்பு யாருக்கும் தெரியாது. இங்கே அது விடியற்காலை நான்கு மணிக்கு மின்விசிறி நிற்பதாகத் தெரியும்.

ஆக, மொத்தம் 2.1 யூனிட். 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் சேர்ந்தால் இன்னும் அரை யூனிட்டுக்கு மேல் கூடும்.

வரவு எவ்வளவு

இரண்டு பேனலும் சேர்ந்து 1080 வாட். சூடு, தூசி, பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது போகும் நட்டம், இன்வெர்ட்டர் நட்டம் எல்லாம் கழித்து நூற்றுக்கு எழுபதுதான் கைக்கு வரும் என்று வையுங்கள். ஏப்ரலில் ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான நாளில் 4 யூனிட்டுக்கு மேல் வரும். தாராளம்தான். ஆனால் சாரல் விடாமல் தூறும் இருண்ட நாளுக்கு, ஒன்றரை மணி நேர முழு வெயில் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். அப்போது கிடைப்பது 1.1 யூனிட். செலவு 2.1, வரவு 1.1. அப்படி மூன்று நாள் சேர்ந்தாற்போல வந்தால் எந்த பேட்டரியும் தாங்காது.

இதற்குக் கடையில் சொல்லும் மருந்து “இன்னும் இரண்டு பேட்டரி போடுங்க” என்பது. அது தவறான மருந்து. நிரப்ப வழியில்லாதபோது பாத்திரத்தைப் பெரிதாக்கி என்ன பயன்? அரைகுறையாக நிரம்பிக் கிடக்கும் பேட்டரி நான்கு ஆகும், அவ்வளவுதான். பேனலைக் கூட்டுவதே சரி. பேனல் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும், பேட்டரி ஐந்து ஆண்டு உழைத்தால் நல்ல உழைப்பு. இரண்டு பேனலை நான்காக்கினால் அதே இருண்ட நாளில் 2.2 யூனிட்டுக்கு மேல் வரும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டின் செலவு அதில் அடங்கிவிடும்.

மூன்று பேனல் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதை இணைப்பதில் சிக்கல் வரும். இந்த செட்டின் பெரிய பிழையும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

100 வோல்ட்டா 150 வோல்ட்டா

540 வாட் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில், திறந்த நிலை (எதிலும் இணைக்காதபோது உள்ள) வோல்டேஜ் 49.5 அருகிலும், வேலை செய்யும் வோல்டேஜ் 41.5 அருகிலும், மின்னோட்டம் 13 ஆம்பியர் அருகிலும் இருக்கும். செட்டில் வரும் இன்வெர்ட்டர்களில் பலவற்றின் எம்பிபிடி, அதாவது பேனல் மின்சாரத்தை வாங்கிப் பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜர் பகுதி, தாங்கும் உச்சம் 100 வோல்ட். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் 99 வோல்ட். “நூறுக்குள்ளதானே இருக்கு” என்று இணைத்துவிடுவார்கள். அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். மலையடிவாரத்தில் மார்கழி விடியலில் 18 டிகிரி இருக்கும்போது முதல் வெயில் பட்டால் 99 வோல்ட் 101 ஆகிவிடும். ஒருநாள் காலை இன்வெர்ட்டரின் சார்ஜர் பகுதி செத்துக் கிடக்கும். போர்டில் உச்சம் மீறியது பதிவாகியிருந்தால் வாரண்டியும் போச்சு.

சரி, பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணைத்தால்? வோல்டேஜ் 41, மின்னோட்டம் 26 ஆம்பியர். எம்பிபிடிக்கு ஆபத்தில்லை. ஆனால் செட்டோடு வருவது ஒரு ஜோடி 4 சதுர மி.மீ. ஒயர். பேனலிலிருந்து வீட்டுக்கு 20 மீட்டர் என்றால் போய்வர 40 மீட்டர், அதன் தடை சுமார் 0.2 ஓம். 26 ஆம்பியர் போனால் 5 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே விழும். உச்சி வெயிலில் 135 வாட் ஒயரைச் சூடாக்கிவிட்டுப் போகும். நான்கு பிஎல்டிசி மின்விசிறி ஓட்டும் மின்சாரம் அது. பேனல் ஒயரை இணைக்கும் எம்சி4 கனெக்டர் கறுத்து உருகிய வீடுகளில் பெரும்பாலும் இந்த இணைப்பும், அரைகுறையாக அழுத்திய கிரிம்பும் சேர்ந்தே காரணமாக இருக்கும்.

நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு இது. எம்பிபிடி உச்சம் 150 வோல்ட், பேனல் வாட் 2000க்கு மேல் ஏற்கும் இன்வெர்ட்டர். நான்கு பேனல். இரண்டிரண்டாகத் தொடர், அந்த இரண்டு வரிசையும் இன்வெர்ட்டர் வாயிலில் பேரலல். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி 4 சதுர மி.மீ. ஜோடி. ஒரு ஒயரில் 13 ஆம்பியர்தான் போகும், 83 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் இழப்பு என்பது மூன்று சதவீதம். இரண்டே வரிசை என்பதால் வரிசைக்கு வரிசை ஃபியூஸ் தேவையில்லை, ஒரு டிசி ஐசொலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்) போதும். மூன்று பேனலைத் தொடராகப் போட்டால் 148.5 வோல்ட் வரும், மறுபடியும் அதே மார்கழிக் காலைப் பிரச்சினை. அதனால்தான் மூன்று வேண்டாம் என்கிறோம்.

நீங்கள் பார்க்கும் இன்வெர்ட்டர் 150 வோல்ட் ஏற்காது என்றால், 150 வோல்ட் 60 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலரைத் தனியாக வாங்கி, இன்வெர்ட்டரை வெறும் இன்வெர்ட்டராக வைத்துக்கொள்ளலாம். இடியில் ஒன்று போனாலும் மற்றொன்று பிழைக்கும் என்பதால் அதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

டிசி பக்கம் டிசி பிரேக்கர்தான் போட வேண்டும். வீட்டு ஏசி எம்சிபியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசியில் அப்படி அணையாது, எம்சிபிக்குள்ளேயே நெருப்பாக நின்று எரியும்.

பேட்டரி

செட்டில் வரும் டியூபுலர் பேட்டரிக்கு நல்ல மதிப்பெண் தரலாம், ஒரு நிபந்தனையோடு: லேபிளில் “150 ஏஎச் சி10”, அதாவது பத்து மணி நேரத்தில் இறக்கி அளந்தது, என்று இருக்க வேண்டும். “சி20” என்றிருந்தால், அதே பேட்டரியைப் பத்து மணி நேரத்தில் இறக்கும்போது 125 ஏஎச் பக்கம்தான் கிடைக்கும். சோலாருக்கான தரமுத்திரை ஐஎஸ் 16270. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். கடையில் ஆறு மாதம் சும்மா கிடந்த பேட்டரி, வீட்டுக்கு வரும்போதே அரை நோயாளி.

இரண்டும் சேர்ந்து 3.6 யூனிட். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு 1.8. மேலே போட்ட செலவில் மாலை ஆறு முதல் காலை எட்டு வரைக்குமான பங்கு, இன்வெர்ட்டர் குடிப்பதையும் சேர்த்து, 1.6 யூனிட் அளவு வரும். அடங்கும். ஃப்ரிட்ஜையும் ராத்திரி ஓடவிட்டால் 1.9ஐத் தாண்டும், அடங்காது. ஃப்ரிட்ஜ் இருந்தே ஆக வேண்டும் என்றால் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மாடல் வாங்கி, சாரல் மாதங்களில் பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

இங்கே பேட்டரியைக் கொல்வது அதிகம் இறக்குவதைவிட, முழுக்க ஏறாமல் வாரக்கணக்கில் கிடப்பதுதான். ஈயத் தகட்டில் வெளுப்பாகப் படியும் ஈய சல்ஃபேட், பேட்டரி முழுக்க ஏறும்போதுதான் கரைந்து திரும்பும். ஏறாமலே விட்டால் அது இறுகிப் படிகமாகி, அந்த இடம் இனி வேலைக்கு ஆகாது. கூடவே கனமான ஆசிட் அடியிலும் தண்ணீர்ப் பதம் மேலேயும் பிரிந்து நிற்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இப்படியே போனால், ஐந்து வருட பேட்டரி இரண்டு மூன்று சாரலில் முடிந்துவிடும். கடைக்காரர் “தண்ணி ஊத்தலை” என்பார். தண்ணீர் சரியாகவே இருந்திருக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியவை சில. இன்வெர்ட்டரில் பேட்டரி குறைந்தால் நிறுத்தும் அளவு பெரும்பாலும் ஒரு பேட்டரிக்கு 10.5 வோல்ட் என்று வைத்து வரும். அது மிகத் தாழ்வு. மாற்ற முடிகிற மாடலாக வாங்கி 11.6 பக்கம், அதாவது 24 வோல்ட் செட்டுக்கு 23.2, வையுங்கள். சார்ஜ் வோல்டேஜ் 28.8, முழுக்க ஏறிய பிறகு தக்கவைக்கும் ஃப்ளோட் 27.2 அருகில். நான்கு பேனல் போட்டால் நல்ல வெயிலில் 50 ஆம்பியர் வரை வரக்கூடும், 150 ஏஎச் டியூபுலருக்கு அது அதிகம். பேட்டரி சார்ஜ் மின்னோட்டத்தை 20 ஆம்பியருக்குள் கட்டிப்போடுங்கள். மிச்சம் பகல் பளுவுக்குப் போகும்: மாவரைப்பது, துணி துவைப்பது, தேய்ப்பது எல்லாம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். நூறு இருநூறு ரூபாய் சாமான், ஆனால் இன்வெர்ட்டரின் திரையில் தெரியும் சதவீதத்தைவிட அது சொல்வதே உண்மை. முழுக்க ஏறிய சோலார் டியூபுலரில் 1.240 பக்கம் காட்டும், சரியான எண் பேட்டரியின் மேலேயே இருக்கும். 1.180க்குக் கீழே போனால் அன்றைக்கே ஏற்ற வழி பார்க்க வேண்டும். ஆறு செல்லுக்குள் ஒன்றுக்கொன்று 0.030க்கு மேல் வித்தியாசம் வந்தால், செல்களைச் சமமாக்க வோல்டேஜைக் கூட்டி ஏற்றும் ஈக்வலைஸ் சார்ஜ் தேவை. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மழைத் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பேட்டரி இருக்கும் அறைக்கு மேலே ஒரு காற்றுத் துளை இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் மேலே போய்த் தேங்கும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. சாமி விளக்கு இருக்கும் அறையில் பேட்டரி வைக்காதீர்கள்.

லித்தியம் வேண்டுமா? கையில் பணம் இருந்தால், இந்தப் பகுதிக்கு ஆம் என்பதே எங்கள் பதில். காரணம், பாதி ஏறிக் கிடந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு ஒரு கெடுதலும் இல்லை. சாரல் மாதத்தின் நோயே அதற்கு ஒட்டாது. 25.6 வோல்ட் 100 ஏஎச் பேக் ஒன்று 2.56 யூனிட். அதில் 2 யூனிட்டுக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், இரண்டு டியூபுலர் தருவதைவிடக் கூடுதல். ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருந்தே ஆக வேண்டும். டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டால் ஈக்வலைஸ் நேரத்தில் 30 வோல்ட் தாண்டும். 29.2 வோல்ட்டில் பேக்கின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டான பிஎம்எஸ் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பேனல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சட்டென்று விலகினால் அந்த அதிர்ச்சியில் இன்வெர்ட்டர் போர்டு போகும். பிஎம்எஸ் 100 ஆம்பியராவது தர வேண்டும், மிக்ஸி கிளம்பும்போது நின்றுவிடும் மலிவு பேக்குகள் நிறைய.

ஸ்டாண்டும் காற்றும்

செட்டோடு வரும் ரெடிமேட் ஸ்டாண்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றில் சில 25 டிகிரி சாய்வில் வருகின்றன, அது வடநாட்டுக் கணக்கு. செங்கோட்டை 9 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பதிலிருந்து ஆவணி பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். தெற்கே 10 டிகிரி சாய்த்தால் போதும். அதற்கும் குறைத்தால் மழைத்தண்ணீர் கீழ்ச் சட்டத்தில் தேங்கி பாசி பிடிக்கும், கீழ் வரிசை செல்லுக்கு அது நிழல். அதிகம் சாய்த்தால் காற்று பிடிக்கும்.

கணவாய்க் காற்றைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றால்தான். கட்டடங்களுக்கான ஐஎஸ் 875 விதி இந்தப் பகுதிக்கு வினாடிக்கு 39 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 910 நியூட்டன் அழுத்தம். 540 வாட் பேனலின் பரப்பு 2.58 சதுர மீட்டர், ஆக ஒரு பேனலுக்கே சுமார் 240 கிலோ விசை. நான்குக்கு 960 கிலோ. நான்கு சிமென்ட் கட்டையை வைத்துவிட்டு “நகராது சார்” என்பதை ஏற்க வேண்டாம்.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். பழைய வீடுகள் இன்னும் ஓட்டுக் கூரையோடு நிற்கின்றன. தோப்பு வீடுகளும் அப்படித்தான். ஒரு பேனல் 28 கிலோ, ஓட்டின் மேல் நேராக ஏற்றினால் ஓடு உடைவதும் ஒழுகுவதும் நிச்சயம், வரிச்சுக் கட்டையும் காற்றின் இழுப்புக்குப் பதில் சொல்லாது. முற்றத்திலோ களத்திலோ தனியாக நான்கு ஜிஐ பைப் நட்டு நிறுத்துங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி ஆழக் குழி ஒன்றில் 380 கிலோ கான்கிரீட் பிடிக்கும். நான்கும் சேர்ந்தால் 1500 கிலோ, காற்றுக்குப் போதும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த ஆங்கிளும் எஸ்எஸ் 304 போல்ட்டும் கேளுங்கள். வெறும் பெயின்ட் அடித்த ஆங்கிள் இந்த ஈரத்தில் வேகமாகத் துருவேறும். காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை ஒரு தென்னை மட்டையின் நிழல்கூட விழாத இடமாகப் பார்க்க வேண்டும். தொடர் இணைப்பில் ஒரு பேனலில் விழும் நிழல் பக்கத்துப் பேனலின் வரவையும் பாதிக்கும். ஒயர் முழுவதையும் குழாய்க்குள் விடுங்கள், அணிலும் குரங்கும் விட்டுவைக்காது.

இடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மலையடிவாரத்தில் இடி அதிகம். செட்டில் எர்த் சாமான் வராது, கேட்டால் “வீட்டு எர்த்திலேயே கொடுத்துடலாம்” என்பார்கள். மின்கம்பம் இல்லாத வீட்டில் ஏது எர்த்? பேனல் சட்டத்துக்கும், இடியால் வரும் வோல்டேஜ் பாய்ச்சலை மண்ணுக்குத் திருப்பும் டிசி எஸ்பிடிக்கும் ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கி வைத்தால் அதற்கு ஒன்று எனக் குழி எடுத்து, கடைசியில் மூன்றையும் மண்ணுக்கடியில் செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும். அளந்தால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். பாறை மண்ணில் கிடைக்காவிட்டால் பென்டோனைட் களிமண் போட்டு நிரப்புங்கள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 125 ஆம்பியர் டிசி ஃபியூஸ் ஒன்றும், 25 சதுர மி.மீ. செம்பு ஒயரும் அவசியம். இந்த ஃபியூஸ் செட்டில் இருக்காது. பேட்டரி ஒயரோ இன்வெர்ட்டரோ ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் இதை ஒருபோதும் விடமாட்டார்கள்.

பில், சலுகை, வாரண்டி

பிஎம் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது மின்வாரிய இணைப்போடு சேர்ந்த கூரை சோலாருக்கு மட்டும். கம்பமே இல்லாத வீட்டு ஆஃப்-கிரிட் செட்டுக்குக் கிடையாது. “மானியம் வாங்கித் தர்றோம்” என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பேட்டரிக்கு 18. பில்லில் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி வாரண்டியில் “36+24” என்றிருந்தால், முதல் 36 மாதம் பழுதானால் புதிது, அடுத்த 24 மாதம் விலையில் தள்ளுபடி மட்டும். ஐந்து வருட வாரண்டி என்று சொல்வது இதைத்தான். புனலூரில் வாங்கிப் புளியரையில் வைப்பதென்றால், பழுதுக்கு எந்த ஊர் சர்வீஸ் ஆள் வருவார் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டிய ஊர் என்று இரண்டு பக்கமும் கைகாட்டினால் நடுவில் இருட்டில் இருப்பது நீங்கள்.

கிணற்று மோட்டாரை இந்த செட்டில் மாட்டாதீர்கள். ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், 2 கேவிஏ தாங்காது. தண்ணீருக்குப் பேட்டரி இல்லாத தனி சோலார் பம்ப்தான் சரி. விவசாய நிலமாக இருந்தால் மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். வெயில் இருக்கும்போது தொட்டியை நிரப்பிவிட்டால் போதும், தொட்டியே அதற்குப் பேட்டரி. இண்டக்ஷன் அடுப்பும் வேண்டாம், கேஸோ விறகோ இருக்கட்டும்.

கடைசியாக ஜெனரேட்டர். டியூபுலர் பேட்டரியோடு இங்கே முழு ஆண்டும் இருக்கப் போகிறவர்களுக்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று தேவை, தினமும் ஓட்டுவதற்கு அல்ல. சாரலில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிவிட்டால், அன்றைய மங்கல் வெயில் மீதியை மெதுவாக நிரப்பிவிடும். இன்வெர்ட்டரின் மெயின்ஸ் பின்னைச் சொருகியும் சார்ஜ் ஏறவில்லை என்று பலர் ஜெனரேட்டரைக் குறை சொல்வார்கள். பின்பக்கம் உள்ள சுவிட்ச் “யூபிஎஸ்” மோடில் இருக்கும். அந்த மோடில் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் இன்வெர்ட்டர் ஏற்காது. அதை “ஈகோ” அல்லது “நார்மல்” பக்கம் தள்ளுங்கள், சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். முன்னுரிமை செட்டிங்கையும் சோலார், பேட்டரி, கடைசியாக மெயின்ஸ் என்ற வரிசைக்கு மாற்றிவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது அது கரண்ட் இருக்கும் வீட்டுக்கென்று வைக்கப்பட்டிருக்கும்.